மெஷினுக்கு எந்தப் பாஷை?

அந்தச் சனிக்கிழமை காலையில் வியாகுலத்தின் வீட்டில் நான்கு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். றோலண்ட் சீமையிலிருந்து வந்து இறங்கிய முதல் வாரத்துக்குப் பிறகு அப்படி உட்கார்வது அதுதான் முதல் தடவை.

பத்து வருஷம் கழித்து வந்திருக்கிறான் மகன். மான்செஸ்டரில் ஒரு பெரிய கம்பெனியில், கம்ப்யூட்டர் என்ற கணக்குப் போடும் மெஷினோடு அவனுக்கு வேலை. அந்த மெஷினுக்கு மனிதர் பேசுவது விளங்காது, அதற்கென்று ஒரு பாஷை உண்டு, அதில் எழுதிக் கொடுத்தால்தான் அது அசையும் என்று ஹட்டன் மாதாகோயில் வாசலில் பூசைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவன் விளக்கியிருந்தான்.

அவன் பெட்டியின் அடியில் ஒரு தடித்த புத்தகம் கிடந்தது. கோபோல் என்ற புதுப் பாஷையைக் கற்றுத்தரும் புத்தகம். றோலண்ட் அதைத் திறந்ததில்லை. எடுத்துப் படித்தவள் தங்கை பெற்றீசியா. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துவிட்டு, ஹட்டனில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் கணக்கு டீச்சராக இருப்பவள். அடுப்படியிலும் துணி காயப்போடும் இடத்திலும் அவள் கோபோல், கோபோல் என்று முணுமுணுத்ததைக் கேட்ட அம்மா றோசலின், மகள் மனதில் கோபால் என்று யாரோ ஒரு பையன் புகுந்துவிட்டான் என்று பயந்து மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்துகொண்டாள். விஷயம் தெரிந்த பிறகும் எதற்கும் இருக்கட்டும் என்று அதை ஏற்றிவிட்டு வந்தாள்.

வீட்டில் சிரிப்பு அதோடு நின்றது.

கொழும்புக் கோட்டையில் தேயிலைத் தோட்டங்களின் வரவுசெலவைப் பார்க்கும் ஒரு கம்பெனி, கம்ப்யூட்டர் வாங்க யோசித்துக்கொண்டிருந்தது. கணிதப் பட்டதாரிகள் தேவை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். பெற்றீசியா விண்ணப்பித்தாள். ஒரு தடவை நேர்முகத்துக்கும் போய் வந்தாள். அதை அண்ணனிடம் சொன்னவளும் அவளே. சொன்ன மறுநாள் றோலண்ட் அதே கம்பெனிக்கு டிரங்க் கால் போட்டான். மான்செஸ்டரில் தாங்கள் வைத்திருக்கும் மெஷினை விற்கப் போகிறார்கள், நல்ல மெஷின், மலிவாகக் கிடைக்கும், வாங்கினால் நடத்த நான் வருகிறேன் என்றான்.

கம்பெனியின் கணக்கு டைரக்டர் கணேசமூர்த்தி அண்ணன், தங்கை இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்க்க விரும்பினார். அந்த வாரம் அவர் லிந்துலையில் ஒரு தோட்டத்துப் பங்களாவில் வந்து தங்குவதாக இருந்தது. சனிக்கிழமை பின்னேரம் தேநீருக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

கம்பெனி ஒரு மெஷின்தான் வாங்கும். பழையது வந்தால் றோலண்டுக்கு வேலை. கோபோல் தெரிந்த புதியது வந்தால் பெற்றீசியாவுக்கு. இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ரொட்டியும் சம்பலும் மேசையில் இருந்தன.

"அந்தப் புதுப் பாஷையில அப்படி என்னாதான் இருக்கு? கொஞ்சம் படி பாப்போம்," என்றார் வியாகுலம்.

பெற்றீசியா கையைத் துடைத்துக்கொண்டு, பழகிப் பார்ப்பதற்காக எழுதி வைத்திருந்த ஒரு தாளை எடுத்து வந்து வாசித்தாள். இங்கிலீஷில்தான் இருந்தது. கொழுந்தின் எடையிலிருந்து கூடையின் எடையைக் கழி, விடையை நிகர எடை என்ற பெயரில் வை. நிகர எடை பூச்சியமானால் அடுத்த ஆளுக்குப் போ. இப்படியே ஒரு பக்கம்.

வியாகுலம் முகத்தை நிமிர்த்தினார். "இது இங்கிலீசுல்ல?"

"கிட்டத்தட்ட இங்கிலீசுதாம்ப்பா."

"இது அந்த மெஷினுக்கு வெளங்குமா?"

"நேரா வெளங்காது. மெஷினுக்குள்ளயே ஒரு மொழிபெயர்ப்பு நடக்கும். நான் இப்படி எழுதிக் குடுத்தா, அது தன்னோட பாஷைக்கு மாத்திக்கும்."

"நீ எழுதுறது எப்படி இருக்கும் தம்பி?"

றோலண்ட் அன்றைய பேப்பரின் ஓரத்தில் பேனாவால் எழுதினான். யோசிக்கவே இல்லை. எண்கள், அவற்றின் கீழே எண்கள். எழுத்தென்று ஒன்றுகூட இல்லை. வியாகுலம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதுவும் அதே கூடைக் கணக்குத்தானா?"

"அதே கணக்குத்தாங்கப்பா."

"எனக்கு ஒண்ணும் வெளங்கலயே."

"மெஷினுக்கு வெளங்குனாப் போதும்ப்பா. அதுக்கு நடுவுல தரகன் தேவையில்ல."

பெற்றீசியா தன் தாளை மடித்து வைத்தாள். அம்மா அவளுக்கு இன்னொரு ரொட்டியை வைத்தாள்.

"சரி, யாரு மாத்தச் சொன்னது?" என்று கேட்டார் வியாகுலம். அவர் குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "பழசு வேணாம், இனிமே புதுசுலதான் எழுதணும்னு யாரு உத்தரவு போட்டது?"

வியாகுலம் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பாதிரிமார் பள்ளியில் படித்து, அரசாங்கக் கந்தோரில் இங்கிலீஷ் கிளாக்கராக முடி நரைத்தவர். அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த பையன்களில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்கள் அபூர்வம். கந்தோர் பாஷை சிங்களம் என்று சட்டம் வந்தபோது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. சிங்களம் அவருக்குத் தெரியாததல்ல. அயலாரோடு பேசுவார், கடையில் பேரம் பேசுவார். ஆனால் இளவட்டங்களோடு ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்து பரீட்சை எழுத அவர் சம்மதிக்கவில்லை. முன்னதாகவே ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் பரீட்சை என்ற சொல்லை யாரும் அவர் காதுபடச் சொல்வதில்லை.

"யாரும் உத்தரவு போடலப்பா," என்றாள் பெற்றீசியா. "எழுத லேசா இருக்குன்னு ஒவ்வொருத்தரா போறாங்க. அவ்வளவுதான்."

"எங்களுக்கும் லேசுன்னுதான் சொன்னாங்க," என்றார் வியாகுலம். சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து கை கழுவப் போனார்.

*

புறப்படும் நேரத்தில் றோலண்ட் பின்வாசல் படியில் சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். வியாகுலம் வந்து பக்கத்தில் நின்றார்.

"நீ விட்டுக் குடுக்காத," என்றார். "ஒனக்குத் தெரிஞ்சது அவங்கள்ல எவனுக்கும் தெரியாது. பழசுதான் நல்லதுன்னு அடிச்சுச் சொல்லு. ஒரு தடவை ஒதுங்குனா அப்புறம் ஒதுங்கிக்கிட்டே இருக்கணும்."

"பெற்றீசியாவுக்கு அந்த வேலையில ஆசைப்பா."

"அவளுக்கு டீச்சர் வேலை இருக்கு. ஒனக்கு என்னா இருக்கு?"

றோலண்ட் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். அப்பாவுக்கு ஏதாவது தெரியுமோ என்று ஒரு கணம் நினைத்தான். தெரியாது. அவர் பொதுவாகத்தான் சொன்னார். அவன் மறுபடியும் சப்பாத்தைத் தேய்த்தான்.

*

தலவாக்கலை வழியாகப் போகும் பஸ்ஸில் கூட்டம். "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன," என்று கண்டக்டர் சிங்களத்தில் சொல்லி எல்லோரையும் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தார். கொட்டகலை தாண்டியதும் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. பெற்றீசியா ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஒங்களுக்கு லீவு எப்போ முடியுது?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். றோலண்ட் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதையைப் பார்த்தான்.

"லீவுன்னு ஒண்ணும் இல்ல," என்றான்.

அவள் திரும்பினாள்.

"எங்க கம்பெனி புது மெஷின் வாங்கிருச்சு. எங்க எல்லாரையும் கோபோல் படிக்கச் சொன்னாங்க. வகுப்பு எடுத்தவனுக்கு ஒன்னைவிட வயசு கம்மி. போர்டுல கூட்டல் எப்படி எழுதுறதுன்னு சொல்லிக் குடுக்குறான். எனக்கு! எழுந்து வந்துட்டேன். மறுபடி வான்னு ரெண்டு தடவை சொல்லிப் பாத்தாங்க. போகல. அப்புறம் அவங்க என்னைக் கூப்புடல."

"வீட்டுல ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அப்பா சந்தோசப்படுவாரு. எம்மகன் என்னை மாதிரியே வந்துட்டான்னு. அதை நெனைச்சாத்தான் எனக்கு..."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. கீழே மலைச்சரிவில் கொழுந்தெடுக்கும் பெண்கள் வரிசையாக நின்றார்கள்.

"இந்தக் கொழும்புக்காரங்க எங்க மெஷினை வாங்குனா நான் இங்கயே இருந்துடுவேன்," என்றான் றோலண்ட். "அம்மாவுக்கும் அதுதான் வேணும். இல்லாட்டி மான்செஸ்டர்ல அதை ஒடைச்சுப் பழைய இரும்புக்குப் போட்டுருவாங்க."

"மெஷின் வந்தா எனக்கு என்னா வேலை இருக்கும்?"

"நான் சொல்லிக் குடுப்பேன்."

"எவ்வளவு காலத்துல படிச்சுக்கலாம்?"

அவன் பொய் சொல்லவில்லை. "எனக்கு நாலு வருசம் ஆச்சு," என்றான்.

லிந்துலையில் இருவரும் இறங்கினார்கள்.

*

பங்களா விறாந்தையில் பிரம்பு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கணேசமூர்த்தி ஹட்டனில் புடவைக்கடை வைத்திருந்தவரின் மகன். லண்டனில் கணக்குப் படித்து வந்தவர். தோட்டத்து துரை டென்னிஸ் விளையாடப் போயிருந்ததால் அவர் மட்டும்தான் இருந்தார். துரை இல்லாதது வசதி, தமிழிலேயே பேசலாம் என்று சிரித்தார். பங்களாச் சமையல்கார அப்பு தேநீரை வைத்துவிட்டு உள்ளே போனார்.

"மிஸ்டர் றோலண்ட், நேராவே கேக்கிறேன். எங்க கம்பெனிக்கு எது நல்லது? ஒங்க பழைய மெஷினா, கோபோல் தெரிஞ்ச புது மெஷினா?"

"பழசுதாங்க," என்றான் றோலண்ட்.

அவன் பேச ஆரம்பித்ததும் பெற்றீசியா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவன் இப்படிப் பேசியதில்லை.

"எங்க மெஷின்ல ஒரு உருளை நிக்காம சுத்திக்கிட்டே இருக்கும். எண்களெல்லாம் அதுமேலதான் பதிஞ்சிருக்கும். ஒரு எண்ணை எடுத்துக் கூட்டி முடிக்கிறதுக்குள்ள உருளை எவ்வளவு தூரம் சுத்தியிருக்கும்னு எனக்குத் தெரியும். அடுத்த எண்ணைச் சரியா அந்த எடத்துல வச்சிருப்பேன். மெஷின் கைய நீட்டும்போது எண் வந்து நிக்கும். கோபோல்ல எழுதுறவனுக்கு உருளை இருக்கா இல்லையான்னே தெரியாது. அவன் எழுதுறதை மொழிபெயர்ப்பு எங்க வேணும்னாலும் கொண்டு வைக்கும்."

"புது மெஷின்ல உருளை கெடையாதாமே. வேகமும் அதிகம்னு சொல்றாங்க."

"வேகம்தாங்க. அந்த வேகத்துல பாதிய மொழிபெயர்ப்பே தின்னுரும். இன்னொண்ணும் இருக்கு. வருசத்துக்கு ஒரு பாஷை வருது. ஃபோர்ட்ரான்னாங்க, ஆல்கோல்னாங்க, இப்ப கோபோல். பத்து வருசத்துல கோபோல்னு ஒண்ணு இருந்துச்சான்னு கேப்பாங்க. பாஷை மாறிக்கிட்டே இருக்கும். மெஷினோட எண்ணு மாறாது."

கணேசமூர்த்தி தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுப் பெற்றீசியா பக்கம் திரும்பினார்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"

அந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். பஸ்ஸில் ஏறும்போது அதற்கு ஒரு பதில் வைத்திருந்தாள். இறங்கும்போது அந்தப் பதில் சொல்லக்கூடியதாக இல்லை. அண்ணனுக்கு வேலை இல்லை என்பது இப்போது அவளுக்குத் தெரியும். எனக்கு ஒன்றும் தெரியாது, அண்ணன் சொன்னால் சரி என்று சொல்லிவிடலாம். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகலாம். ஒருவருக்கும் குறையில்லை.

"அண்ணன் சொன்னது எல்லாமே சரிங்க," என்றாள். "அவங்க எழுதுற அளவுக்குச் சிக்கனமா கோபோல்ல எழுத முடியாது. நான் எவ்வளவு படிச்சாலும் முடியாது."

"அப்போ பழசையே வாங்கலாமா?"

அவள் தேநீரைக் கலக்கினாள். பிறகு சொன்னாள். "அண்ணனுக்கு ஒரு வாரம் காய்ச்சல்னா, அந்த மெஷினுக்கிட்ட யாரு போய் உக்காருவாங்க?"

றோலண்ட் தங்கையைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

கணேசமூர்த்தி கோப்பையைக் கீழே வைத்தார். "நல்ல கேள்வி. மிஸ்டர் றோலண்ட், அப்படி ஏதாவது நடந்திருக்கா? ஒருத்தர் எழுதுனதை இன்னொருத்தர் படிக்க முடியாமப் போனது?"

இல்லை என்று அவன் சொல்லியிருக்கலாம். மான்செஸ்டரில் என்ன நடந்தது என்று லிந்துலையில் யாருக்குத் தெரியும்? பெற்றீசியா அவன் இல்லை என்று சொல்வான் என்றுதான் நினைத்தாள். அவன் அப்படிச் சொன்னால் தான் வாயைத் திறப்பதில்லை என்றும் அந்த நிமிஷமே முடிவு செய்தாள்.

றோலண்ட் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

"எனக்கு முந்தி அங்க ஒருத்தர் இருந்தாரு. மகா கெட்டிக்காரர். செத்துப் போயிட்டாரு. அவர் எழுதி வச்ச கணக்கு ஒண்ணுல ஒரு சின்ன மாத்தம் செய்யச் சொல்லி என்கிட்ட குடுத்தாங்க. ஒரு குளிர்காலம் பூரா அதையே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எந்த எண்ணு எதுக்கு இருக்குன்னு கண்டுபிடிக்க முடியல. ஒரு எடத்துல கைய வச்சா வேற எடத்துல தப்பா வருது."

"அப்புறம்?"

"அதைத் தொடாம விட்டுட்டேன். அது ஒரு விடை குடுக்கும். அந்த விடையத் திருத்துறதுக்கு நான் தனியா வேற ஒண்ணு எழுதுனேன்."

"இப்பவும் அது ஓடுதா?"

"ஓடுதுங்க. தொட யாருக்கும் தைரியம் இல்ல. புது மெஷின் வாங்கியும் அந்தக் கணக்கை எறிய முடியல. அந்த ஒண்ணை ஓட்டுறதுக்காகப் புது மெஷினைப் பழைய மெஷின் மாதிரி நடிக்க வைக்கிற வேலைய இப்ப செஞ்சுக்கிட்டிருக்காங்க."

கணேசமூர்த்தி மெல்லச் சிரித்தார். "அப்போ பழசு சாகாதுங்கிறீங்க."

"சாகாதுங்க," என்றான் றோலண்ட். "ஆனா இனிமே அதுல யாரும் புதுசா எழுத மாட்டாங்க. எங்ககிட்ட அதுல எழுதி வச்சது நெறைய இருக்கு, அதனால எங்களால விட முடியல. ஒங்ககிட்ட ஒண்ணும் இல்ல. நீங்க ஏன் அதுல ஆரம்பிக்கணும்?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்ததுபோல் இருந்தது. விறாந்தைக்கு வெளியே துளி துளியாகத் தூறல் விழத் தொடங்கியது. டென்னிஸ் பந்து அடிபடும் சத்தம் நின்றுபோயிற்று.

கணேசமூர்த்தி கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். பிறகு கம்பெனிக்காரராகப் பேசினார்.

"புது மெஷின்தான் வாங்கப் போறோம். அடுத்த மாசம் பம்பாய்ல கோபோல் வகுப்பு. ஆறு மாசம். எங்களுக்கு ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு பெற்றீசியாவுக்கு. இன்னொண்ணை ஒங்களுக்குத் தாறேன்."

"வகுப்பு எடுக்கவா?"

"இல்ல. படிக்க. ரெண்டு பேருக்கும் ஒரே வகுப்பு, ஒரே சம்பளம். வந்ததுக்கப்புறம் யாரு யாருக்கு மேலன்னு பாத்துக்கலாம். ஒங்க தங்கச்சிக்குக் கீழ வேலை செய்ய வேண்டியும் வரலாம். மறைக்காம சொல்லிடுறேன். திங்கட்கிழமை எனக்குப் பதில் வேணும்."

றோலண்ட் எழுந்து கைகுலுக்கினான்.

*

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னல் தட்டிகளை இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே ஈரத்துணி வாசம்.

"நீங்க இல்லைன்னு சொல்லியிருக்கலாமேண்ணே," என்றாள் பெற்றீசியா.

"சொல்லியிருக்கலாம்."

"நான் பேசாம இருந்திருப்பேன்."

"தெரியும்." அவன் உள்ளங்கையைத் தொடையில் துடைத்துக்கொண்டான். "இல்லைன்னு சொல்லி அந்த மெஷினை வரவச்சுருந்தா, நான் சாகுற வரைக்கும் அதுக்குக் காவல் இருக்கணும். அதை விட்டு ஒரு நாள் நகர முடியாது. செத்துப் போனாரே அவரு, கடைசி வருசம் ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்துக்கிட்டே போன்ல எண்ணு சொல்லிக்கிட்டு இருந்தாரு. நான்தான் மறுபக்கம் நின்னு கேட்டு எழுதுனேன்."

"பம்பாய்க்கு வருவீங்களா?"

"என்னைக் கேக்காத," என்றான் றோலண்ட். கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

வீடு வந்து சேர்ந்தபோது ஆறு மணி இருக்கும். வியாகுலம் முன்னறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். றோசலின் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னா சொன்ன?" என்று மகனைக் கேட்டார் வியாகுலம்.

"கேட்டதுக்கு உண்மையச் சொன்னேம்ப்பா. புது மெஷின் வாங்கப் போறாங்க."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். மான்செஸ்டர் வேலை போனது, வகுப்பிலிருந்து எழுந்து வந்தது, காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று பெற்றீசியா கேட்டது, பம்பாய், இரண்டு இடம். நின்றுகொண்டே சொன்னான். றோசலின் கரண்டியோடு வந்து கதவோரம் நின்றாள். வேலை போன செய்தியைக் கேட்டதும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

வியாகுலம் மகனை விட்டுவிட்டு மகளைப் பார்த்தார்.

"இவனுக்கு வேலை இல்லைன்னு ஒனக்கு எப்போ தெரியும்?"

"போகும்போது, பஸ்ல."

"தெரிஞ்சும் அந்தக் கேள்வியக் கேட்டியா?"

"ஆமாப்பா," என்றாள் பெற்றீசியா. "தெரிஞ்சுதான் கேட்டேன்."

அந்த வீட்டில் அப்பாவிடம் யாரும் இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொன்னதில்லை. வியாகுலம் கோபப்படுவார் என்று றோசலின் எதிர்பார்த்தாள். அவர் கோபப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கந்தோரில் ஒரு விஷயத்தை முடிக்கும்போது அவர் அப்படித்தான் செய்வார் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வதுண்டு.

"பொம்பளைப் புள்ளையத் தனியா பம்பாய்க்கு அனுப்ப மாட்டேன்," என்றார். "அண்ணன் போனா நீ போ. அவன் போகலேன்னா நீயும் போக வேணாம். இதுக்கு மேல இந்த வீட்டுல இதைப் பத்திப் பேச்சில்ல."

பெற்றீசியாவுக்கு அது விளங்கியது. றோலண்டுக்கும் விளங்கியது. மகன் இன்னொரு தடவை ஒரு சிறு பையனுக்கு முன்னால் வாங்கில் உட்கார மாட்டான் என்று வியாகுலம் நம்பினார். அவர் இரத்தம் அல்லவா? இரண்டு பிள்ளைகளும் ஹட்டனிலேயே இருந்துவிடுவார்கள். வீடு பழையபடி ஆகிவிடும்.

"என்னாங்க இது," என்று றோசலின் ஆரம்பித்தாள். வியாகுலம் கையைக் காட்டினார். அவள் நிறுத்திக்கொண்டாள்.

றோலண்ட் கழற்றிப் போட்டிருந்த மழைக்கோட்டை மறுபடியும் எடுத்து மாட்டினான். பொத்தானைப் போட்டுக்கொண்டே பேசினான்.

"அப்பா, அன்னைக்கு நீங்க எழுந்து வந்தது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. ஒங்களுக்கு உத்தரவு போட்டாங்க. எனக்கு யாரும் போடல. நீங்க எழுதாத பரீட்சைய ஒங்களுக்காக நானும் எழுதாம இருக்கணும்னு எதிர்பாக்காதீங்க."

"அப்போ போகப் போறியா?"

"அதையும் நான் சொல்லல."

அவன் வெளியே இறங்கினான். மழை விட்டிருந்தது. வீட்டுக்குக் கீழே பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று மாதாகோயிலுக்குப் போகிறது, மற்றது ஸ்டேஷனுக்கு. கொழும்புக்கும் பம்பாய்க்கும் அங்கிருந்துதான் வழி.

"சாப்புடாமப் போறானே," என்றாள் றோசலின். "பின்னாலயே ஓடிப்போய்க் கூப்புடுடி. நீ கேட்டா அவன் கேப்பான்."

பெற்றீசியாவுக்கும் அது தெரியும். ஓடிப்போய், எனக்காக வாங்கண்ணே என்று ஒரு வார்த்தை சொன்னால் றோலண்ட் பம்பாய்க்கு வந்துவிடுவான். ஆறு மாசம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். தங்கைக்காக உட்கார்ந்தேன் என்பது அதற்குப் பிறகு காலம் முழுக்க இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும்.

அவள் வாசலில் நின்றபடியே இருந்தாள். கூப்பிடவில்லை.

பாதை பிரியும் இடத்தில் றோலண்ட் ஒரு தடவை நின்றான். பிறகு, கையில் பெட்டியோ பையோ எதுவும் இல்லாமல், ஸ்டேஷன் பக்கம் திரும்பி நடந்தான்.